வினிகரில் ஊறிய ஸ்பேனர் மறுநாளே மறுபடி துருப்பிடிப்பது ஏன்?

வினிகர் தன் வேலையைச் செய்துவிட்டது. மிச்சமிருக்கும் அமிலமும் ஈரமும்தான் காரணம். துரு நீங்கிய இரும்பு, ஈரத்தோடு காற்றுபட்டால் சில நிமிடங்களிலேயே சிவந்து துருவேறத் தொடங்கும்.

முதலில் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பால் கழுவுங்கள், இல்லையென்றால் அமிலம் உள்ளே இறங்காது. பிறகு வெள்ளை வினிகரில் முழுதும் மூழ்க வையுங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் திரவ மட்டத்தில் அரித்த கோடு விழும். 12 மணி நேரம் கழித்து கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள். நாள்கணக்கில் விட்டால் நல்ல இரும்பையும் தின்றுவிடும். துத்தநாகப் பூச்சுள்ளவற்றை இதில் போடவே வேண்டாம், பூச்சு கரைந்துவிடும்.

எடுத்தவுடன், 1 லிட்டர் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து 10 நிமிடம் முக்குங்கள். அலசி, துடைத்து, ஹேர் டிரையரால் இடுக்கெல்லாம் உலர்த்தி, சூடு ஆறுமுன் மெஷின் ஆயில் தடவுங்கள். மேலோட்டமான துருவுக்கு வினிகரே தேவையில்லை. எண்ணெயும் ஸ்டீல் உல்லும் (மெல்லிய இரும்பு நார்) போதும்.