யாருடைய மாட்டை அளக்கிறார்கள்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். மாடு விடும், பூமியைச் சூடாக்கும் மெதேன் வாயுவை ஆராய அமெரிக்காவில் சட்டமூலம் கொண்டுவந்ததாக வாசித்தேன். தேயிலைத் தோட்ட லயத்துக்குப் பின்னால் இரண்டு மாடு கட்டி, புல்லறுத்துப் போட்டு, பால் ஊற்றித்தான் எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். நியூசிலாந்தில் மாட்டுக்கு வரி என்றார்கள். நாளைக்கு இங்கேயும் வருமா? அந்த ஆராய்ச்சியால் எங்களுக்கு என்ன பயன்?

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் வரி. நியூசிலாந்து 2022இல் முன்வைத்த திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. டென்மார்க் 2030இலிருந்து அறவிட முடிவெடுத்திருக்கிறது. நீங்கள் வாசித்தது 2023 நவம்பரில் அமெரிக்காவில் முன்வைத்த ‘எமிட் லெஸ்’ சட்டமூலம் என்று நினைக்கிறேன். அதில் வரி கிடையாது. மாட்டின் ஏப்பத்தில் போகும் மெதேனை அரச ஆராய்ச்சி நிலையங்களில் அளப்பது, அதைக் குறைக்கும் தீவனங்களைச் சோதிப்பது, விரும்பிச் சேரும் பண்ணையாளருக்குக் கைகொடுப்பது, இவ்வளவுதான். இரு கட்சியினரும் சேர்ந்து கொண்டுவந்தும் அந்த அமெரிக்க நாடாளுமன்றத்தின் (காங்கிரஸின்) காலத்துக்குள் நிறைவேறவில்லை.

வரியைவிட எனக்குக் கவலை தருவது கணக்கு. சொந்த அளவீடு இல்லாத நாடுகள் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006 வழிகாட்டியில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்ளலாம். இந்தியத் துணைக்கண்டத்துக் கறவை மாட்டுக்கு அது ஆண்டுக்கு 58 கிலோ மெதேன். ஆண்டுக்கு 900 கிலோ பால், அதாவது நாளுக்கு இரண்டரை லீற்றர் தரும் மாட்டை வைத்துப் போட்ட எண் அது. ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 64 கிராம் வாயு விழுகிறது. உங்கள் பக்கத்து பிரீசியன் கலப்பு மாடு 10 லீற்றர் கறக்கிறது என்று வையுங்கள். அது நாளுக்கு 12 கிலோ உலர் தீனி (ஈரத்தைக் கழித்த எடை) தின்னும். கிலோவுக்கு 18.45 மெகாயூல் சக்தி, அதில் 6.5 வீதம் வாயுவாகப் போகிறது என்று வழக்கமான சூத்திரத்தில் போட்டால் நாளுக்கு 259 கிராம், ஆண்டுக்கு 94 கிலோ வரும். தலைக்கணக்கில் பார்த்தால் உங்கள் மாடுதான் குற்றவாளி. லீற்றர்க் கணக்கிலோ 26 கிராம்தான். எந்த அலகில் எழுத வேண்டும் என்று சட்டம் சொல்லாவிட்டால், நல்ல மாடு வைத்திருப்பவரே மாட்டிக்கொள்வார்.

அளக்கும் முறையிலும் நம் இடத்துக்கென்று சிக்கல்கள் உண்டு. மேயும் மாட்டை அளக்கப் பரவலாகப் பயன்படுவது எஸ்.எப்.6 (சல்பர் ஹெக்ஸாபுளோரைட்டு) என்ற அடையாள வாயு முறை. அந்த வாயு நிரப்பிய சிறு பித்தளைக் குழாயை 39 பாகைச் சூட்டில் வைத்து, வாரக்கணக்கில் நிறுத்துப் பார்த்து, நாளுக்கு எத்தனை மில்லிகிராம் கசிகிறது என்று உறுதிசெய்தபின் மாட்டின் இரைப்பைக்குள் இறக்குவார்கள். மூக்குத்துவாரத்துக்குப் பக்கத்திலிருந்து மயிரிழை போன்ற குழாய் ஒன்று, கழுத்தில் மாட்டிய வெற்றிடக் கலனுக்குப் போகும். கலனில் அந்த வாயுவும் மெதேனும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்து மெதேனைக் கணிப்பார்கள். 24 மணித்தியாலத்தில் கலன் ஏறக்குறையப் பாதி நிரம்பியிருக்க வேண்டும். முழுதும் நிரம்பியிருந்தால் எங்கோ கசிவு. நிரம்பவே இல்லையென்றால் எச்சிலோ மழைத்தண்ணீரோ அடைத்துவிட்டது. இரண்டையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. மூடுபனியிலும் தூறலிலும் இந்த அடைப்பு ஓயாத தொல்லை. இதைவிடப் பெரிய பிழை தொழுவத்தில் இருக்கிறது. குளிருக்குச் சாக்கும் பலகையும் வைத்து அடைத்த தொழுவத்தில், சாணிக்குழியும் பக்கத்திலேயே இருந்தால், சுற்றுக்காற்றிலேயே மெதேன் ஏறிவிடும். தொழுவத்துக் காற்றுக்கெனத் தனியாக ஒரு கலன் தொங்கவிட்டு அந்த அளவைக் கழிக்காவிட்டால் சாணியின் வாயுவும் மாட்டின் கணக்கில் விழும்.

மெதேனைக் குறைக்கும் மருந்தும் அப்படித்தான். அமெரிக்கா 2024 மே மாதம் கறவை மாட்டுக்கு அனுமதித்த 3-என்.ஓ.பி. என்ற, தீனியில் கலக்கும் மருந்து மெதேனை ஏறத்தாழ 30 வீதம் குறைக்கிறது. ஆனால் சில மணித்தியாலத்தில் இரைப்பையில் கரைந்து போய்விடும். எல்லாத் தீனியையும் ஒன்றாகக் கலந்து ஒவ்வொரு வாயிலும் மருந்து போகும் பண்ணைக்குத்தான் அது முழுதாகப் பலிக்கும். காலையும் மாலையும் கறக்கும்போது மட்டும் புண்ணாக்கு வைத்து, மற்ற நேரமெல்லாம் கினியாப் புல் போடும் மாட்டில் இடைநேரத்தில் வாயு பழையபடி வரும்.

நான் முதலில் சோதிக்கச் சொல்வது நம் தேங்காய்ப் புண்ணாக்கைத்தான். தேங்காயெண்ணெயிலுள்ள லோரிக் அமிலம் மெதேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களை அடக்கும். ஆனால் புண்ணாக்கில் மிஞ்சிய எண்ணெயின் அளவு ஆலைக்கு ஆலை மாறும், ஈரத்தில் சீக்கிரம் காறிப்போகும், மொத்தத் தீனியில் கொழுப்பு 6 வீதத்தைத் தாண்டினால் நார் செரிக்காது, பாலின் கொழுப்பும் இறங்கும். கொழுப்புக்குத்தானே காசு. எவ்வளவு வைத்தால் நட்டம் வராமல் வாயு குறையும் என்பதைக் கன்னொறுவையிலுள்ள கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் போன்ற இடங்களில் நம் புல்லோடு சேர்த்தே பார்க்க வேண்டும். அப்படியொரு சட்டமூலம் இங்கேயும் வர வேண்டும். பெரும் பண்ணையை மட்டும் அளந்துவிட்டு முடிக்காமல், லயத்து மாட்டையும் கட்டாயமாகச் சேர்க்கும் வாசகம் அதில் வேண்டும்.

அதற்கு முன் நீங்களே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. 40 கிலோ புல்லுக்கட்டு வெயில்நாளில் 10 கிலோ உலர் தீனி என்றால், மழைநாளில் 6 கிலோதான். கட்டின் நடுவிலும் ஓரத்திலும் எடுத்து நறுக்கி 1 கிலோ நிறுங்கள். அடுப்புக்கு மேலே பரணில் பரப்பி, இரண்டு முறை நிறுத்தும் எடை மாறாத வரை காயவிடுங்கள். அப்போதும் பத்தில் ஒரு பங்களவு ஈரம் நிற்கும், அதைக் கழித்துவிடுங்கள். மிஞ்சும் எடையைக் கட்டின் கிலோக் கணக்கால் பெருக்கினால் கட்டிலுள்ள உலர் தீனி. திகதி, மழையா வெயிலா, அன்றைய பால் எத்தனை லீற்றர் என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ஆராய்ச்சிக்காரர் வந்து கேட்கும் முதல் கணக்கே அதுதான்.