ரத்தக்கட்டி கரைக்கிற ஊசி ஒருத்தருக்கு கேக்குது, இன்னொருத்தருக்கு ஏன் கேக்கல?

ஒரே ஊசிதான், எங்க மாமாவுக்கு கரையல, பக்கத்து பெட்காரருக்கு கரைஞ்சிருச்சு, எப்படின்னு கேட்டிருக்கீங்க. நான் டாக்டர் இல்ல, ரத்த லேப்ல வேலை. மாமா கேஸ அவர பாத்தவங்கதான் சொல்லணும், பொதுவான காரணத்த நான் சொல்றேன்.

எல்லாரும் மருந்தையே பாக்கறாங்க, கட்டி எப்படி பின்னியிருக்குன்னு யாரும் கேக்கறதில்ல. ஸ்ட்ரோக்குக்கு போடற அல்டிபிளேஸ் ஊசி நேரா கட்டிய கரைக்காது, கட்டிய பின்னியிருக்கற ஃபைப்ரின்ங்கற புரத நூல்ல ஒட்டிக்கிட்டு அங்க சும்மா இருக்கற பிளாஸ்மினோஜன்ங்கற புரதத்த பிளாஸ்மின்ங்கற என்சைமா மாத்திவிடும், நூல அறுக்கறது பிளாஸ்மின்தான். கட்டி உருவாகறப்ப த்ராம்பின், அதாவது ரத்தத்த உறைய வைக்கற என்சைம், ஜாஸ்தியா இருந்தா நூல் மெலிசா, நெருக்கமா பின்னும், கம்மின்னா தடியா, இடைவெளி விட்டு. இதுல வேடிக்கை என்னன்னா, ஒத்த நூலா எடுத்தா மெலிசுதான் சீக்கிரம் அறுபடும், ஆனா முழுக் கட்டின்னு வந்தா மெலிசு நூல் கட்டிதான் லேட்டா கரையும். அறுக்க வேண்டிய நூல் அவ்ளோ இருக்கு, அதோட கொசுவலை மாதிரி ஓட்டை பொடிசா இருக்கறதால மருந்து உள்ள போகாம வெளிப்பக்கத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா தின்னுக்கிட்டு வரணும்.

அதுக்கு மேல ரத்தம் உறையறதுக்கு உதவற புரதங்கள்ல ஃபேக்டர் 13னு ஒண்ணு. நூலுக்கு நூல் கெட்டியா பிணைச்சு விடறது பத்தாதுன்னு, பிளாஸ்மின தடுக்கற ஆல்ஃபா 2 ஆன்டிபிளாஸ்மினையும் நூலோட சேத்து ஒட்டிடும். அப்புறம் பிளேட்லெட், ரத்தத்துல இருக்கற தட்டணு. சிவப்பு மூடி டியூப்ல ரத்தம் எடுத்து அப்படியே விட்டு ஒண்ணு ரெண்டு மணி நேரம் கழிச்சு பாருங்க, கட்டி டியூப் சுவர விட்டு சுருங்கி நிக்கும், சுத்தி மஞ்சளா சீரம். பிளேட்லெட் நூல பிடிச்சு இழுக்கற வேலை அது. உடம்புக்குள்ளயும் இப்படி இறுகிட்டா மருந்து நுழையறது கஷ்டம், போதாக்குறைக்கு பிளேட்லெட்ல இருந்து பிஏஐ 1ங்கற புரதம் வேற வந்து அல்டிபிளேஸையே முடக்கும்.

அதனால சிவப்பணு நிறைஞ்ச சிவப்புக் கட்டி ஊசிக்கு ஓரளவு கேக்கும், பிளேட்லெட் ஜாஸ்தியான வெள்ளைக் கட்டி அடம் பிடிக்கும். நீளமும் முக்கியம், மூளை ரத்தக்குழாய்ல 8 மில்லிமீட்டர தாண்டின கட்டி ஊசியில மட்டும் திறக்கறது அபூர்வம். ஸ்ட்ரோக் ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள ஊசி போடணும்னு சொல்ற கெடு முக்கியமா மூளை செல்லுக்கும் ரத்தக்கசிவு ரிஸ்க்குக்கும் வெச்சது, ஆனா கட்டியும் அந்த நேரத்துல சும்மா இருக்காது, இறுகிக்கிட்டேதான் இருக்கும். பெரிய குழாய் அடைப்புக்கு கதீட்டர்ங்கற மெல்லிய டியூப்ப உள்ள விட்டு கட்டிய வெளிய இழுக்கற முறை 2015ல வந்த டிரையல்களுக்கு அப்புறம் பரவிச்சு, அதுலயும் இந்த வெள்ளைக் கட்டிதான் சுவர்ல ஒட்டிக்கிட்டு லேசுல வராம படுத்தும்.