துவக்குக்கு முன் சப்பாத்து: பனிக்காலக் கொயோட்டி வேட்டைக்கு எதை வாங்குவது?

ஸ்நோ விழத் தொடங்கியதும், ஓநாய்க்கு உறவான கொயோட்டி என்ற காட்டு மிருகத்தை வேட்டையாடுவது பற்றிக் கேள்விகள் வரும். இந்த முறை வந்தவற்றில் ஆறை எடுத்துக்கொள்கிறேன். எல்லாம் ஒன்ராறியோவில் இருந்து வந்தவை. ஆகவே சட்டம் பற்றி நான் சொல்வதும் ஒன்ராறியோவுக்கு மட்டுமே.

கேள்வி: அண்ணா, நான் ஏஜாக்ஸில் இருக்கிறேன். இரண்டு பனிக்காலமாகப் பனிச்சப்பாத்து (ஸ்நோவில் கால் புதையாமல் இருக்கப் பூட்ஸில் கட்டும் அகலமான தட்டு) கட்டி நடந்து பழகியிருக்கிறேன். லிண்ட்சே பக்கத்தில் இருக்கும் வேலையிட நண்பர் ஒருவர், ஜனவரியில் மிருகச் சத்தம் எழுப்பிக் கொயோட்டியைக் கிட்டக் கூப்பிட்டு வேட்டையாட வரச் சொல்கிறார். கடையில் கேட்டால் 600 டொலருக்கு இலத்திரனியல் கோலர் (மிருகச் சத்தம் போட்டுக் கூப்பிடும் பெட்டி), வெள்ளை உருமறைப்பு உடுப்பு, புது ரைபிள் என்று 2,500 டொலருக்குக் கணக்கு எழுதித் தந்தார்கள். கையில் 1,000 டொலர்தான் இருக்கிறது. எதில் தொடங்குவது?

பதில்: தம்பி, அந்தக் கணக்கை மடித்து வைத்துவிடுங்கள். முதல் காசு பயிற்சிக்கும் அனுமதிக்கும் போகவேண்டும். கனடிய துவக்குப் பாதுகாப்புப் பயிற்சியில் எழுத்துச் சோதனை ஒன்று, செய்முறைச் சோதனை ஒன்று. இரண்டிலும் 80 சதவீதம் எடுக்கவேண்டும். அதன் பிறகுதான் மத்திய பொலிஸான ஆர்.சி.எம்.பி.யிடம், துவக்கு வாங்கவும் வைத்திருக்கவும் வேண்டிய பி.ஏ.எல். அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். முதல் தடவை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு என்பது சட்டம், நடைமுறையில் அதைவிடக் கூட எடுக்கும். இதற்குப் புறம்பாக மாகாணத்தின் வேட்டைக் கல்விப் பயிற்சி, அவுட்டோர்ஸ் கார்ட் (மாகாணத்தின் வேட்டை, மீன்பிடி அடையாள அட்டை), சிறுவேட்டை அனுமதி (கொயோட்டி போன்ற சிறு மிருகங்களுக்கானது) எல்லாம் வேண்டும். துவக்குப் பயிற்சியையும் வேட்டைக் கல்வியையும் ஒரே வார இறுதியில் சேர்த்து நடத்தும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போனால் நேரம் மிச்சம். ஆக, இந்த ஜனவரியில் நீங்கள் துவக்குத் தூக்க மாட்டீர்கள். கண்ணையும் காதையும் கொண்டு போய் நண்பர் பக்கத்தில் இருந்து பாருங்கள். அந்த ஒரு நாளில் பிடிபடுவது கடைக்காரர் சொல்வதைவிடக் கூட.

அடுத்தது ஊதுகுழல். 25 முதல் 40 டொலருக்குள் கையால் பிடித்து ஊதும் நல்ல குழல் கிடைக்கும். நாக்குத் தகடு வெளியே தெரிகிற ‘ஓப்பன் ரீட்’ வகையை வாங்குங்கள். பல்லால் எந்த இடத்தில் அழுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து முயல் வீறிடும் சத்தமும் வரும், கொயோட்டியின் ஊளையும் வரும். பழகக் கொஞ்சக் காலம் எடுக்கும். காரில் வேலைக்குப் போகும்போது பழகுங்கள், வீட்டில் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள்.

இலத்திரனியல் கோலரைக் குறை சொல்ல மாட்டேன். அதில் ஒரு உண்மையான நன்மை உண்டு. சத்தம் உங்களிடம் இருந்து வராமல் 30, 40 மீட்டர் தள்ளி வைத்த பெட்டியில் இருந்து வரும். வருகிற மிருகத்தின் கண் அங்கே போகும், உங்கள் கை அசைவது தெரியாது. ஆனால் நண்பரிடம் அநேகமாக ஒன்று இருக்கும். ஒரு பனிக்காலம் அவருடையதோடு போய்வந்து, பிறகு தேவையென்றால் வாங்குங்கள்.

கொயோட்டி வருவதும் வராததும் சத்தத்தைவிடக் காற்றில்தான் இருக்கிறது. அது நேராக வராது. சுற்றி, காற்று உங்களைக் கடந்து போகிற பக்கமாகப் போய், மணந்து பார்த்துவிட்டுத்தான் கிட்ட வரும். அதனால் உங்கள் மணம் திறந்த வயல் பக்கமாகப் போகிற மாதிரி இடம் பார்த்து இருக்கவேண்டும். அப்போதுதான் அது சுற்றி வருவது கண்ணில் படும். தொடக்கத்தில் மெல்லிய சத்தம். அரை நிமிடம் ஊதி, இரண்டு மூன்று நிமிடம் பேசாமல் இருங்கள். ஒரு இடத்தில் 15, 20 நிமிடம் போதும். ஜனவரி கடைசியும் பெப்ரவரியும் அவை சோடி சேரும் காலம். அப்போது முயல் சத்தத்தைவிட ஊளைக்குக் கூடப் பதில் கிடைக்கும்.

உருமறைப்பு உடுப்புக்கு 200 டொலர் கொடுக்காதீர்கள். வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் போடும் வெள்ளைப் பருத்தி மேலுடுப்பை, ஒரு அளவு பெரிதாக, ஜாக்கெட்டுக்கு மேலே போட்டால் சரி. காகிதம் மாதிரி இருக்கும் மலிவு உடுப்பு வேண்டாம், அது ஒவ்வொரு அசைவுக்கும் சரசரக்கும். நடக்கும்போது செம்மஞ்சள் தொப்பி போடுங்கள். மான் வேட்டைத் துவக்குக் காலம் நடக்கிற இடமென்றால் செம்மஞ்சள் உடுப்பு கட்டாயம்.

ரைபிள் கடைசியில். அதற்கு முன்பு உங்கள் கவுண்டியின் விதியைப் பாருங்கள். தெற்கு ஒன்ராறியோவின் பல கவுண்டிகளில் சிறுவேட்டைக்கு .275 கலிபருக்கு (குழலின் விட்டம்) மேற்பட்ட ரைபிள் பாவிக்கக் கூடாது. மானுக்கும் ஆகும் என்று .308 வாங்கிவிட்டு இதற்குக் கொண்டுபோக முடியாமல் நிற்பவர்கள் உண்டு. .223 அல்லது .243இல் ஒரு சாதாரண போல்ட் ரைபிள் (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் பிடியை இழுத்து ஏற்றுவது) போதும், இரண்டாம் கையாக இருந்தாலும் நல்லது.

கேள்வி: பிளாஸ்டிக் தட்டு உள்ளதா, அலுமினியச் சட்டம் உள்ளதா, பழைய மரச் சப்பாத்தா? எந்தப் பனிச்சப்பாத்து வேட்டைக்கு நல்லது?

பதில்: இதை என் சொந்த அனுபவத்தில் இருந்தே சொல்கிறேன். முதல் வருடம் பிளாஸ்டிக் தட்டுச் சப்பாத்து ஒரு சோடி வாங்கினேன். நடைபாதைக்கு அருமையான சாமான், அடியில் இருக்கும் பல் நன்றாகப் பிடிக்கும், எடையும் குறைவு. ஆனால் அந்தக் கிழமை ஒரு நாள் ஸ்நோ இளகி, இரவில் திரும்ப உறைந்து, மேலே பொருக்குத் தட்டியிருந்தது. விடியற்காலையில் ஒவ்வொரு அடிக்கும் சட்டி மூடியைத் தரையில் இழுத்த மாதிரி சத்தம். மர வேலியோரமாக 200 மீட்டரில் ஒரு கொயோட்டி நின்று என் பக்கம் பார்த்தது. காது இரண்டும் முன்னுக்கு மடிந்தது. அடுத்த அடியை வைக்கவில்லை, அதற்குள் அது போய்விட்டது. ஊதுகுழலை வெளியில் எடுக்கவே இல்லை.

திருப்பிக் கொடுக்கப் போனேன். ஒரு தடவை பாவித்த சாமானை எடுக்க மாட்டோம் என்றார்கள். ஒன்ராறியோவில் கடையில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கப் பொதுவான சட்ட உரிமை கிடையாது, அது கடையின் கொள்கையைப் பொறுத்தது. வீட்டு வாசலில் வந்து விற்பவருக்குரிய 10 நாள் விதியை எல்லாவற்றுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். காசு கட்ட முன்னமே கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி இருக்கிறதா என்று பாருங்கள்.

வேட்டைக்கு நான் சொல்வது, துணி மாதிரி வளையும் தட்டு போட்ட அலுமினியச் சட்டம், அல்லது தோல் வார் பின்னிய மரச் சப்பாத்து. கியூபெக் நகரத்துக்குப் பக்கத்து வென்டாக்கேயில் ஹியூரன்-வென்டாட் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பனிச்சப்பாத்துச் செய்துவருகிறார்கள். மரமும் தோலும் பொருக்கில் ஓசைப்படாமல் போகும். விலை கூட, ஈரம் ஊறினால் தோல் தொய்யும், ஒவ்வொரு வருடமும் வார்னிஷ் பூசவேண்டும். அந்தப் பராமரிப்புக்கு நேரம் இல்லாதவர் அலுமினியம் வாங்கலாம்.

அளவு பார்க்கும்போது உங்கள் எடையோடு உடுப்பு, பை, துவக்கு எல்லாவற்றையும் கூட்டுங்கள். பொதுவாக 25 அங்குலம் 80 கிலோ சுற்றுவட்டாரத்துக்கு, 30 அங்குலம் 100 கிலோ வரை. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அட்டையில் பாருங்கள். கட்டும் வாரைக் கடையில் வைத்தே தடித்த கையுறையோடு பூட்டித் திறந்து பாருங்கள். அது முடியாவிட்டால் மைனஸ் 20இல் நிச்சயமாக முடியாது.

இன்னொன்று. டர்ஹம், கவார்த்தா பக்கத்துத் தோட்டக் காணிகளில் பல நாட்களுக்குப் பனிச்சப்பாத்தே தேவைப்படாது. ஸ்நோ முழங்காலுக்குக் கீழே இருந்தால் சாதாரணப் பூட்ஸ்தான் சத்தம் குறைவு. சப்பாத்தை முதுகில் கட்டிக்கொண்டு போய், ஆழமான இடத்தில் போடுங்கள். இருக்கும்போது கழற்றிக் கீழே போட்டு, மேலே ஃபோம் துண்டு ஒன்றை வைத்தால் நல்ல இருக்கை.

நடக்கும்போது துவக்கில் தோட்டா இருக்கக் கூடாது. பனிச்சப்பாத்தோடு விழாதவர் எவரும் இல்லை. விழுந்தால் குழல் வாயில் ஸ்நோ அடைக்கும், அப்படியே சுட்டால் குழல் வெடிக்கும். வாயில் ஒரு துண்டு கறுப்பு மின்சார ரேப் ஒட்டுங்கள். விழுந்தபின் தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலைப் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, நான் பிரம்டனில் இருந்து எழுதுகிறேன். கணவர் பி.ஏ.எல். எடுத்துவிட்டார். பிறந்தநாளுக்குத் தெரியாமல் ஒரு ரைபிள் வாங்கி வைக்கலாமா? ஒருவர் பழையது ஒன்றை மலிவாகத் தருகிறேன் என்கிறார்.

பதில்: உங்களிடம் பி.ஏ.எல். இல்லாவிட்டால் முடியாது தங்கச்சி. 2022 மே மாதத்தில் இருந்து சாதாரண வேட்டைத் துவக்கைத் தனியார் விற்பதானாலும், வாங்குபவரின் அனுமதியை ஆர்.சி.எம்.பி.யிடம் சரிபார்த்து, ஒரு குறிப்பு எண் பெற்ற பிறகே கைமாற்றலாம். அந்த எண் வேண்டாம் என்று சொல்லும் விற்பனையாளரிடம் கணவரும் வாங்கக் கூடாது. நல்ல பைனாகுலர் ஒன்றைப் பரிசாகக் கொடுங்கள். 8x42 அளவு (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது) போதும். அதோடு துவக்கைப் பூட்டி வைக்கப் பெட்டி வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: தோலை விற்றால் செலவில் பாதி திரும்பும் என்கிறார்களே?

பதில்: அந்தக் காலம் போய்விட்டது. குளிர் ஜாக்கெட்டின் தொப்பி ஓரத்துக்குக் கொயோட்டி மயிர் கேட்ட வருடங்களில் நல்ல விலை இருந்தது. அதில் பேர்போன கனடா கூஸ் நிறுவனம் 2021இல் மயிர் வாங்குவதை நிறுத்துவதாக அறிவித்து, 2022 முடிவோடு அதை வைத்துத் தைப்பதையும் விட்டது. வருமானம் என்று கணக்குப் போட்டுத் துவக்கு வாங்காதீர்கள். விற்க நினைத்தால் அதற்குத் தனி விதிகள் உண்டு, முதலில் மாகாண அலுவலகத்தில் கேளுங்கள்.

தோலுரிப்பதானால் ரப்பர் கையுறை கட்டாயம். எக்கினொகொக்கஸ் என்ற நாடாப்புழு தெற்கு ஒன்ராறியோக் கொயோட்டிகளில் இருக்கிறது, மனிதருக்கும் தொற்றும். சொறி பிடித்ததைத் தொடவே வேண்டாம். நாயைக் கிட்ட விடாதீர்கள்.

கேள்வி: கொயோட்டிக்குத் தெற்கில் வருடம் முழுக்கத் திறப்பு என்றால் எங்கேயும் எப்போதும் போகலாம்தானே?

பதில்: இல்லை. அல்கொன்குவின், கில்லார்னி, கவார்த்தா ஹைலண்ட்ஸ், குயின் எலிசபெத் II வைல்ட்லண்ட்ஸ் பூங்காக்களிலும் அவற்றைச் சுற்றிய பகுதிகளிலும் கொயோட்டி வேட்டைக்கே தடை. காரணம், அங்கே இருக்கிற அல்கொன்குவின் ஓநாய். அது அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம். எங்கள் கிழக்குக் கொயோட்டியில் ஓநாய் இரத்தம் கலந்திருப்பதால் மேற்குப் பக்கத்துக் கொயோட்டியைவிடப் பெரிது. 50 மீட்டரில் நின்றாலும் எது எது என்று பழகியவருக்கே தெரியாது. அதனால்தான் இரண்டையும் சேர்த்துத் தடுத்திருக்கிறார்கள். வடக்கே பல பிரிவுகளில் சிறுவேட்டை அனுமதிக்கு மேலே தனிச் சீட்டும் வேண்டும்.

ரொறன்ரோ, மார்க்கம் போன்ற நகரங்களுக்குள் துவக்கு வெடிக்கவே தடை. பிரெஞ்சு, மட்டாவா ஆறுகளுக்குத் தெற்கே, ஞாயிற்றுக்கிழமைத் துவக்கு வேட்டையை ஏற்றுக்கொண்ட நகரசபைகளில் மட்டும் ஞாயிறு போகலாம். எங்கள் ஆட்களில் பலருக்கு ஞாயிறுதான் ஓய்வு நாள் என்பதால் இதை முதலில் பாருங்கள். சூரியன் மறைந்து அரை மணிக்குப் பிறகு, மறுநாள் உதிக்க அரை மணி இருக்கும் வரை, துவக்கு தோட்டா இல்லாமல் உறைக்குள் இருக்கவேண்டும்.

தோட்டக்காரரிடம் ஸ்நோ விழ முன்பே போய், பகலில், கதவைத் தட்டிக் கேளுங்கள். ஆடு மாடு ஈனும் வீடுகளில் அநேகமாக ஓம் என்பார்கள். அவர்களின் நாய் என்ன நிறம், எங்கே உலாவும் என்றும் கேளுங்கள். ஜேர்மன் ஷெப்பர்ட் ஒன்று மங்கல் வெளிச்சத்தில் கொயோட்டி மாதிரியே நிற்கும். கழுத்துப் பட்டி இல்லை என்று வடிவாகத் தெரியும் வரை விரல் விசைக்குப் போகக் கூடாது. ஓடி வருவதை நிறுத்த, புறங்கையில் வாயை வைத்து எலி கத்துவது மாதிரி மெல்ல உறிஞ்சுங்கள். நின்று தலையைத் திருப்பிப் பார்க்கும். அந்த இரண்டு செக்கனில் கழுத்தைப் பாருங்கள்.

கேள்வி: மைனஸ் 20இல் கோலர் பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. கடையில் மாற்றச் சொல்லலாமா?

பதில்: முதலில் பெற்றரியை மாற்றிப் பாருங்கள். சாதாரண அல்கலைன் பெற்றரி குளிரில் சோர்ந்துவிடும். மறுசார்ஜ் செய்யாத லித்தியம் ஏஏ, விலை இரண்டு மூன்று மடங்கு என்றாலும், மைனஸ் 40 வரை வேலை செய்யும். அதிலும் நின்றால் உத்தரவாதச் சீட்டோடு போங்கள். ஊதுகுழலும் மூச்சின் ஈரத்தில் உறையும். இரண்டு வைத்திருந்து, ஒன்றை உள்சட்டைப் பையில் சூடாக வைத்து மாற்றி மாற்றி ஊதுங்கள்.

திரும்பி வந்ததும் ரைபிளை நேரே சூடான வீட்டுக்குள் கொண்டுபோனால் கண்ணாடியும் உலோகமும் வியர்க்கும். தோட்டா இல்லை என்று பார்த்து, பூட்டி, உறையோடு கொஞ்ச நேரம் குளிர்ந்த கராஜில் வைத்துவிட்டு, பிறகு உள்ளே எடுத்து உறையைத் திறந்து துடையுங்கள்.