உதடு மரத்துப்போகிறதா? மருந்துக்கடை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு (58) பாராதைராய்டு (கழுத்தில் இருந்து கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் சுரப்பி) கட்டியை அகற்றி நான்கு நாள் ஆகிறது. நேற்றிலிருந்து உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது, விரல் நுனி குறுகுறுக்கிறது. கால்சியம் கூடியதால்தானே ஆபரேஷன்? அதையே மாத்திரையாகக் கொடுத்தால் கிட்னியில் கல் வராதா?

பதில்: எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். அந்தக் கட்டி பல வருடமாக எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும், பட்டினி கிடந்தவன் பந்தியில் உட்கார்ந்த மாதிரி எலும்பு எல்லாவற்றையும் இழுத்துக்கொள்கிறது. மிச்சமுள்ள சுரப்பிகள் தூக்கத்திலிருந்து எழச் சில நாள், சில வாரம்கூட ஆகலாம். உங்கள் அம்மாவுக்குக் கல் இருந்தால், அது பழைய கால்சியத்தால் வந்திருக்கும். இப்போதைய கவலை அதுவல்ல.

கால்சியம் பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள்தான் அடிமட்டம் தொடும். நம் ஆஸ்பத்திரிகளோ அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சீட்டில் ‘1-1-1’ என்று எழுதுவதோடு சரி. குறுகுறுத்தால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு வரி எழுதினால் பேனா தேய்ந்துவிடுமா? இன்றே உங்கள் சர்ஜனுக்குப் போன் போடுங்கள். ரத்தத்தில் கால்சியம் (சாதாரண அளவு ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 8.5 முதல் 10.5 மி.கி.), கூடவே மக்னீசியமும் பாருங்கள். மக்னீசியம் குறைந்திருந்தால் எத்தனை மாத்திரை போட்டாலும் கால்சியம் ஏறாது. எண்பது டெஸ்ட் பேக்கேஜ் என்று லேப் தள்ளினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அடுத்தது மருந்துக்கடை. டாக்டர் எழுதுவது பெரும்பாலும் கால்சிட்ரியால் (உடலில் நேராக வேலை செய்யும் வைட்டமின் டி), 0.25 மைக்ரோகிராம். கடைக்காரர் ‘இதுவும் வைட்டமின் டி தான்’ என்று 60,000 யூனிட் பொட்டலத்தை நீட்டுவார். அந்தப் பொட்டலம் உடலுக்குள் மாறி வேலை செய்ய பாராதைராய்டு ஹார்மோன் உதவ வேண்டும். இப்போது குறைவாக இருப்பதே அதுதான். வாங்காதீர்கள். கால்சியம் அட்டையின் பின்புறத்தையும் படியுங்கள்: கால்சியம் கார்பனேட் 1250 மி.கி. என்றிருந்தால் அதில் இருக்கும் நிஜக் கால்சியம் 500 மி.கி. ‘கார்பனேட் 500’ என்றால் வெறும் 200. விலை மலிவு என்று இதைத்தான் மாற்றிக் கொடுக்கிறார்கள்.

ஒரு விஷயம் மட்டும் விளக்கியே ஆக வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் பான்டோபிரசோல் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை) போடுகிறவர்களுக்குக் கார்பனேட் சரியாகச் சேராது, ஏனென்றால் அது கரைய வயிற்று அமிலம் வேண்டும். வயிறு சுருக்கும் ஆபரேஷன் செய்தவர்களுக்கும் இதே கதை. இவர்களுக்கு சிட்ரேட் வகைதான் பொருந்தும். மற்றவர்கள் கார்பனேட்டைச் சாப்பாட்டோடு போட்டால் போதும். அப்புறம், தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி.

கை கோணிக்கொண்டால், தொண்டை இறுகினால், வலிப்பு வந்தால் நேரே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். தெருமுனை கிளினிக்கில் ‘ஒரு கால்சியம் ஊசி’ போட்டுக்கொள்ளாதீர்கள். வேகமாக ஏற்றினால் இதயம் தடுமாறும், இசிஜி பார்த்துக்கொண்டே மெதுவாக ஏற்ற வேண்டிய மருந்து அது. போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டையும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.