சுடுதண்ணியா, கிணற்றுத் தண்ணியா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐஸ் தண்ணிக்குள் இறங்கிக் குளிக்கிற காணொளிகள் கைபேசியில் ஓயாமல் வருகின்றன. நோய் எதிர்ப்புச் சக்தி கூடுமாம். விடியப்புறம் கிணற்றில் அள்ளிக் குளித்தாலும் அந்தப் பலன் வருமா? (விசுவமடு)

பதில்: வராது. எங்கள் கிணற்றுத் தண்ணி அவ்வளவு குளிர் இல்லை. காணொளிக்காரர் இறங்குவது பெரும்பாலும் 15 பாகை செல்சியசுக்கும் குறைந்த தண்ணிக்குள். நிலத்தடி நீரோ அந்த இடத்தின் வருடச் சராசரி வெப்பத்தை ஒட்டியே நிற்கும். வன்னியில் அது ஏறக்குறைய 28 பாகை. மார்கழி விடியலில் முதல் வாளி வெதுவெதுப்பாக இருப்பதும், சித்திரை மத்தியானம் அதே கிணறு சில்லென்று இருப்பதும் இதனால்தான். மாறுவது தண்ணி அல்ல, வெளிக்காற்று.

அந்தக் குளிர்ப் புகழும் கொஞ்சம் ஊதிப் பெருத்தது. 2016இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 3,000 பேருக்கு மேல் பங்கெடுத்தார்கள். சுடுதண்ணிக் குளிப்பின் முடிவில் 30, 60 அல்லது 90 செக்கன் குளிர்தண்ணியில் நின்றவர்கள் நோய் என்று வேலைக்கு லீவு போட்டது 29 சதவீதம் குறைந்தது. ஆனால் நோயாக இருந்த நாட்கள் குறையவில்லை. அதாவது தடிமனோடும் வேலைக்குப் போயிருக்கிறார்கள்! 30 செக்கன் நின்றவருக்கும் 90 செக்கன் நின்றவருக்கும் பெரிய வித்தியாசமும் இல்லை.

கிணற்றுக் குளிப்பின் உண்மையான பலன் வேறு. தோலின் சூடு 33, 34 பாகை. 28 பாகைத் தண்ணி அந்தச் சூட்டை மெதுவாக இழுத்து எடுக்கும். கச்சான் காற்றுக் காலத்தில் வெயிலில் நின்று வருபவருக்கு அதுவே பெரிய மருந்து.

கேள்வி: வேர்க்க விறுவிறுக்க முழுகினால் சன்னி பிடிக்கும் என்கிறார் மாமி. உண்மையா? (ஒட்டுசுட்டான்)

பதில்: 28 பாகைத் தண்ணி சுகதேகிக்கு ஒன்றும் செய்யாது. தடிமனும் காய்ச்சலும் கிருமியால் வருபவை. இருதய வருத்தக்காரர் மட்டும் முதலில் காலுக்கு, பிறகு கைக்கு, கடைசியாகத் தலைக்கு என்று ஊற்ற வேண்டும். களைத்த உடம்போடு தனியே குளத்தில் நீந்தப் போவதற்குத்தான் மாமி பயப்பட வேண்டும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் வயல் வாய்க்காலில் குளிக்கவும் கூடாது, எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் ஏறும்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கின்றன. முழங்கால் உளைவுக்குச் சுடுதண்ணி கேட்கிறா. எவ்வளவு சூடு, எப்போது? (துணுக்காய்)

பதில்: 38 முதல் 40 பாகை போதும். வெப்பமானி இல்லாவிட்டாலும் கணக்கு இருக்கிறது: கொதித்த தண்ணி ஒரு பங்கு, கிணற்றுத் தண்ணி ஐந்து பங்கு. 10 லீற்றர் கிணற்றுத் தண்ணிக்குள் 2 லீற்றர் கொதிநீர் விட்டால் சுமார் 40 பாகை வரும். வாளியும் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும். எப்போதும் பச்சைத் தண்ணியை முதலில் வையுங்கள். கொதிநீரை முதலில் ஊற்றி வைத்துவிட்டு மற்றதை அள்ளப் போன இடைவெளியில்தான் பிள்ளைகள் வெந்துபோகிறார்கள்.

சீனி வருத்தம் நாட்பட்டால் காலில் உணர்ச்சி குறையும். தண்ணி சுடுவது அம்மாவுக்குத் தெரியாமலே கொப்புளம் எழும்பிவிடும். ஆகவே அவவின் காலால் அல்ல, உங்கள் முழங்கையால் சூடு பாருங்கள். குளித்த பின் கால்விரல் இடுக்குகளை ஒற்றித் துடைத்து, காயம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சுடுதண்ணி இரத்தக் குழாய்களை விரிக்கும், பிரஷர் இறங்கும். அதற்கு மேல் பிரஷர் குளிசையும் சேர்ந்தால் எழும்பும்போது தலை சுற்றும். கதிரையில் இருத்திக் குளிக்க வையுங்கள், 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், முடிந்ததும் இரண்டு நிமிடம் இருந்துவிட்டு எழும்பட்டும். நேரம் என்றால், படுக்கைக்கு ஒன்றிரண்டு மணித்தியாலம் முன்பு. கைகால் குழாய்கள் விரிந்து உள்சூடு வெளியேறும்போது நித்திரை சுகமாக வரும்.

கேள்வி: அரிவு வெட்டி வந்தால் கால் வீங்கி உளைகிறது. சுடுதண்ணியும் குளிர்தண்ணியும் மாறி மாறி வைக்கலாமா? (மாங்குளம்)

பதில்: வைக்கலாம். இரண்டு பேசின் எடுங்கள். ஒன்றில் மேலே சொன்ன 40 பாகைத் தண்ணி, மற்றதில் 10 லீற்றர் கிணற்றுத் தண்ணியும் ஒரு கிலோ ஐஸும். ஐஸ் முழுக்கக் கரைந்தால் 18 பாகை வரும். மீன்காரரிடம் வாங்கிய ஐஸ் என்றால் பிளாஸ்ரிக் பையில் கட்டியே போடுங்கள். சூட்டில் 3 நிமிடம், குளிரில் 1 நிமிடம், ஐந்து முறை. இடையில் சுடுதண்ணி ஆறிவிடும், கேத்திலில் கொஞ்சம் தயாராக இருக்கட்டும், காலை வெளியே எடுத்த பிறகே ஊற்றுங்கள். ஐஸ் இல்லாவிட்டால் குளிர்ப் பக்கம் வெறும் பேருக்குத்தான்.

கால் பிரண்டு புதிதாக வீங்கியிருந்தால் முதல் இரண்டு நாளும் சூடு வேண்டாம், வீக்கம் கூடும். ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் நொந்தால் பேசினை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், குழாயில் இரத்தம் கட்டியிருக்கலாம்.

கேள்வி: மகளுக்கு சிசேரியன். வேதுத்தண்ணி வார்க்கலாமா? (புதுக்குடியிருப்பு)

பதில்: நொச்சி, வேப்பிலை அவித்த இளஞ்சூட்டுத் தண்ணியைக் கைகால், முதுகுக்கு வார்ப்பதில் பிழையில்லை, உளைவு ஆறும். வயிற்றில் ஓங்கி அடித்து ஊற்றுவதை அடியோடு விடுங்கள். கருப்பை சுருங்குவது ஓமோனால், பிள்ளை பால் குடிக்கக் குடிக்க அது நடக்கும். தையலில் இலைத்தண்ணி படக்கூடாது. பட்டால் சுத்தமான தண்ணியால் கழுவி ஒற்றி உலர்த்துங்கள். தையல் சிவந்தாலோ சீழ் வந்தாலோ காய்ச்சல் கண்டாலோ உடனே காட்டுங்கள். இரத்தம் போன உடம்பு, மயக்கம் வரும், பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

கேள்வி: மத்தியானம் பைப்பில் சுடுதண்ணியே வருகிறது. குழந்தையை அதில் குளிப்பாட்டலாமா? (முள்ளியவளை)

பதில்: நேரே பைப்புக்குக் கீழே பிடிக்காதீர்கள். வெயிலில் கிடக்கும் குழாய்க்குள் நின்ற தண்ணிதான் கறுப்புத் தாங்கித் தண்ணியைவிடக் கொதிக்கும். அதை ஒரு வாளியில் பிடித்து விட்டு, பிறகு வருவதைக் கிணற்றுத் தண்ணியோடு கலந்து 37 பாகைக்குக் கொண்டு வாருங்கள். முழங்கைக்குச் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருந்தால் சரி. அந்த முதல் வாளி எண்ணெய்ச் சட்டி கழுவ உதவும்.