“ரெண்டுக்கும் வேலை செய்யும்” என்று விற்ற ரீவி கார்ட்: காசைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. புதுக்குடியிருப்பில் சின்னதாக ஒரு ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். சனங்கள் பழைய கலியாணவீட்டு விஎச்எஸ் கசற்றுகளைக் கொண்டுவந்து பென்டிரைவில் ஏற்றித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். அதற்காக வவுனியாவில் ஒரு கடையில் 18,500 ரூபாவுக்கு யூஎஸ்பியில் செருகும் ரீவி கார்ட் ஒன்று வாங்கினேன். வாங்கமுன் வட்ஸ்அப்பில், “அண்ணை, பழைய கசற்றைக் கொம்பியூட்டருக்கு ஏத்தவும் கூரை அன்ரெனாவில ரீவி பாக்கவும் ஏற்றது இருக்கா?” என்று கேட்டேன். “இருக்கு தம்பி, ரெண்டுக்கும் வேலை செய்யும்” என்று பதில் வந்தது. வீட்டில் பூட்டிப் பார்த்தால் ஒரு சனலும் பிடிக்கவில்லை. கசற் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாக மேலே மேலே ஓடுகிறது. கடையில் கேட்டால், “பெட்டி உடைச்சாச்சு, பில்லைப் பாருங்கோ” என்கிறார்கள். பில்லில் “விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது” என்று அச்சடித்திருக்கிறது. வாங்கி இரண்டு மாதமும் ஒரு கிழமையும் ஆகிறது. நான் தொழிலுக்கு வாங்கியதால் பாவனையாளர் சட்டம் எனக்குப் பொருந்துமா? சனங்களிடம் முற்பணமும் வாங்கிவிட்டேன். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, காசைக் கேட்கலாம். ஆனால் காலம் உங்களுக்குச் சாதகமாக இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, பொருளை விற்று மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் மூன்று கிழமை வரைதான் இருக்கிறது. அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து விவரம் கேட்கலாம், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். கடிதமாக எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். கடை வவுனியாவில் என்பதால் அங்குள்ள மாவட்ட அலுவலகத்திலேயே கொடுத்தால் அலைச்சல் குறையும். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கேட்டால் இடம் சொல்லுவார்கள்.

அதற்குமுன் பொருளில் உண்மையில் என்ன பிழை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் பெட்டியின் பக்கவாட்டில் ஏடிஎஸ்சி, என்டிஎஸ்சி என்று இரண்டு சொற்கள் தெரிகின்றன. ஏடிஎஸ்சி என்பது அமெரிக்காவின் டிஜிட்டல் ஒளிபரப்பு முறை, என்டிஎஸ்சி அங்கே முன்பிருந்த அனலொக் முறை. நமக்குக் கூரை அன்ரெனாவில் வருவது பால் (PAL) என்கிற வேறொரு அனலொக் முறை. 1990இல் அழிக்கப்பட்டு 2011இல் திரும்பக் கட்டித் திறக்கப்பட்ட கொக்காவில் கோபுரம், 174 மீற்றர் உயரத்தில் நின்று வன்னிக்கு அனுப்பும் ரீவி அலையும் அந்த முறைதான். டிஜிட்டலுக்கு மாறுவதற்கென்று 2014இல் நம் நாடு தெரிவு செய்ததும் ஜப்பானிய ஐஎஸ்டிபி-டி முறையே, அமெரிக்க முறை அல்ல. ஆகவே அந்தக் கார்ட் புதுக்குடியிருப்பில் எத்தனை தரம் சனல் தேடினாலும் ஒன்றையும் பிடிக்காது. அன்ரெனாவை எந்தப் பக்கம் திருப்பியும் பயனில்லை.

கசற் விசயம் கொஞ்சம் வேறு. பால் கசற்றில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். என்டிஎஸ்சியில் 525 கோடுகள், நொடிக்கு ஏறக்குறைய 30 படங்கள். ஒன்றை மற்றதாக வாசித்தால் நிறம் போய்ப் படம் உருளும். நீங்கள் சொல்வது அச்சொட்டாக அதுதான். ஆனால் சில கார்ட்களின் மென்பொருளில் வீடியோ முறையை பாலுக்கு மாற்ற இடமிருக்கும். அதை இன்றைக்கே தேடிப் பாருங்கள். பிறகு அதிகாரியின் முன்னால் கடைக்காரர் அந்த ஒன்றை மாற்றிக் காட்டினால், உங்கள் முறைப்பாட்டில் பாதி அங்கேயே போய்விடும். அப்படி மாற்ற இடமே இல்லையென்றால், மென்பொருளின் அமைப்புப் (செற்றிங்ஸ்) பக்கத்தையும் ஓடுகிற படத்தையும் போனில் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வாங்குபவர் இன்ன தேவைக்கு என்று விற்பவருக்குத் தெரியப்படுத்தி, அவருடைய அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு நியாயமான அளவு பொருந்த வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படாத நிபந்தனை. இதே சட்டத்தில் ஒரு பொறியும் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு பொருளை வியாபாரப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினால் அந்த நிபந்தனை எழாது. “இன்ன கொம்பனியின் இன்ன மொடல் தாருங்கோ” என்று நீங்கள் கேட்டிருந்தால், தெரிவு உங்களுடையது என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். நீங்கள் அப்படிக் கேட்கவில்லை. தேவையைச் சொன்னீர்கள், தெரிவை அவரிடம் விட்டீர்கள், அவர் “ரெண்டுக்கும்” என்றார். உங்கள் வழக்கின் உயிர் அந்த வட்ஸ்அப் உரையாடலில்தான் இருக்கிறது. பில்லில் “ரீவி கார்ட் 1” என்று மட்டும் எழுதியிருப்பதால், அந்த உரையாடல் இல்லாவிட்டால் உங்கள் சொல்லுக்கு எதிராக அவர் சொல் என்று நின்றுவிடும்.

ஆகையால் அந்த உரையாடலை அழிக்காதீர்கள். போனை மாற்றுவதாக இருந்தால் இந்த விசயம் முடியும்வரை பொறுங்கள். திகதியும் கடையின் இலக்கமும் தெரியும்படி படம் பிடித்து அச்செடுங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் வந்தபிறகு, போனில் வந்த செய்திதானே என்று யாரும் லேசில் தட்டிவிட முடியாது.

பில்லில் உள்ள அந்த ஒற்றை வரிக்குப் பயந்து எத்தனையோ பேர் காசை விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு மனவருத்தம். எழுதப்படாத நிபந்தனைகளை இரு தரப்பும் தெளிவாகச் சம்மதித்து விலக்கலாம் என்பது உண்மை. ஆனால் நீங்கள் காசைக் கொடுத்துக் கொள்வனவு முடிந்தபின் கைக்கு வந்த தாளில் பொதுவாக அச்சடித்த வரியை அப்படிப்பட்ட சம்மதமாக நான் கருதமாட்டேன். அதோடு, விற்றவர் கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் பொருந்தவில்லை என்று விசாரணையில் கண்டால், காசைத் திருப்பிக் கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, நட்டஈடு கட்டவோ கட்டளையிட அதிகாரசபைக்கு அதிகாரம் இருக்கிறது. உத்தரவாத அட்டை இருந்தால்தான் உத்தரவாதம் என்றில்லை, வாயால் சொன்னதும் செய்தியில் சொன்னதும் அதில் அடங்கும்.

தொழிலுக்கு வாங்கினேன் என்று தயங்க வேண்டாம். விலை கொடுத்துப் பெறும் பொருளைப் பயன்படுத்துபவர் எவரும் பாவனையாளர் அலுவல்கள் சட்டத்தின் கண்ணில் பாவனையாளர்தான்.

முறைப்பாட்டுக்கு முன் கடைக்கு ஒரு கடிதம் பதிவுத் தபாலில் போகட்டும். என்ன தேவை சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார், பொருள் என்ன செய்கிறது, அதை நீங்கள் ஏற்கவில்லை, ஏழு நாளுக்குள் 18,500 ரூபாவைத் திருப்பித் தர வேண்டும், கார்ட் பெட்டியோடு தயாராக இருக்கிறது. இவ்வளவு போதும், கோபம் ஒன்றும் வேண்டாம். கடிதம் போனபின் கார்ட்டைப் பாவிக்காதீர்கள். மறுக்காமல் அதிக காலம் வைத்திருந்தால் பொருளை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுக்கும். அப்புறம் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய், நட்டஈடு கேட்கும் உரிமை மட்டும்தான் மிஞ்சும். ஏழு நாள் முடிந்த மறுநாளே முறைப்பாட்டைக் கொடுங்கள். மூன்று மாதம் எப்படியோ கடந்துவிட்டால், பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது. இந்த அளவு தொகைக்கு அங்கே போகாமல் நேரே நீதிமன்றம் போகவும் முடியாது. கட்டணமும் பெரிதாக இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை.

அடுத்த கார்ட் வாங்கும்போது கடைக்காரரிடம் பில்லிலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள்: “பால் விஎச்எஸ் கசற் பதிவுக்கு, வின்டோஸ் 11 கணினிக்கு.” ஒரே தோற்றத்தில் வரும் மலிவான யூஎஸ்பி கார்ட்களுக்குள் வெவ்வேறு சிப்கள் இருக்கும். ஒன்றை இயக்கும் மென்பொருள் (டிரைவர்) மற்றதற்குச் சரிவராது, அதனால்தான் கடைக் கொம்பியூட்டரில் ஓடுவது வீட்டில் ஓடாமல் போகிறது. உங்கள் மடிக்கணினியையும் கசற் பிளேயரையும் கடைக்கே கொண்டுபோய், மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களைக் கொழுவிப் பத்து நிமிடம் பதிந்து பார்த்தபின் காசைக் கொடுங்கள். பழைய மேசைக் கணினிக்கு, உள்ளே செருகும் பிசிஐ கார்ட் மலிவாகக் கிடைத்தால், உங்கள் மதர்போர்ட்டில் அதைச் செருகும் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், புதியவற்றில் பெரும்பாலும் இருக்காது. எச்டிஎம்ஐ கார்ட் உங்களுக்கு வேண்டாம். அதை டிஷ் பெட்டியில் கொழுவினாலும், பதியவிடாமல் தடுக்கும் பாதுகாப்புப் பூட்டு இருப்பதால் கறுத்த திரைதான் வரும். அந்தப் பூட்டை உடைக்கவென்றே செய்த கருவிகளை இறக்குமதி செய்வதை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் தடுக்கிறது. யாராவது அப்படி ஒன்றை விலைபேசினால் தொடாதீர்கள்.

முற்பணம் தந்தவர்களுக்குத் தாமதத்தைச் சொல்லி, இன்னாருடைய கசற் இத்தனை என்று எழுதிக் கையொப்பமிட்ட துண்டு கொடுங்கள். அந்தக் கசற்றுகள் உங்கள் பொறுப்பில் இருக்கின்றன, கவனக்குறைவால் பழுதானால் நீங்களே பதில் சொல்ல வேண்டும். இடம்பெயர்வுகளின்போது மண்ணுக்குள் புதைத்து வைத்துத் திரும்ப எடுத்தவையும் அவற்றில் இருக்கலாம். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் பிளேயருக்குள் போடவே வேண்டாம், சொந்தக்காரரிடம் காட்டி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். முற்பணத்தைத் திரும்பக் கேட்பவருக்குக் கொடுத்துவிடுங்கள். அந்த இழப்பையும் முறைப்பாட்டில் கேட்கலாம், ஆனால் யாரிடம் எவ்வளவு வாங்கினீர்கள், எப்போது திருப்பிக் கொடுத்தீர்கள் என்ற ரசீதுகளோடு கேளுங்கள்.