எஃப்7, ஜி.பி.7 – கடிதம்

வணக்கம் ஐயா,

ஜெனரல் மோட்டார்ஸின் எஃப்7 டீசல் ரயில் இன்ஜினை (லோகோவை) பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். வளைந்த மூக்கும் வழவழப்பான உடலும் கொண்ட அதை விட்டு, பெட்டி மாதிரி இருக்கும் ஜி.பி.7ஐ அமெரிக்க ரயில்வேக்கள் ஏன் அவ்வளவு வாங்கின? குதிரைத்திறன் கூடுதலா? இன்னொரு சந்தேகம். இந்த லோகோக்களுக்குள் இருக்கும் 567 டீசல் இன்ஜினில் ஆயிலோடு தண்ணீர் கலந்துவிடும் என்கிறார்களே, எப்படி?

– ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

குதிரைத்திறனில் வித்தியாசமே கிடையாது. இரண்டும் 1949இல் வந்தவை. இரண்டிலும் 1,500 குதிரைத்திறன் தரும் 16 சிலிண்டர் 567பி இன்ஜின், டி12 ஜெனரேட்டர், நான்கு டிராக்‌ஷன் மோட்டார்கள் (சக்கரங்களைச் சுற்றும் மின்மோட்டார்கள்), ப்ளோம்பெர்க் வகை போகிகள் (சக்கரங்களைத் தாங்கும் சட்டங்கள்). மாறியது உடம்புதான்.

எஃப்7இல் வெளிக்கூடே பாரம் தாங்கும். பக்கச் சுவருக்குள் பாலத்தில் இருப்பதுபோல் இரும்புச் சட்டங்கள் சாய்வாக ஓடும். அதனால் நினைத்த இடத்தில் கதவு வைக்க முடியாது. மெக்கானிக் உள்ளே போய், இன்ஜினுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள ஒடுக்கமான வழியில் நின்றுதான் வேலை பார்க்க வேண்டும். ஓட்டுநருக்கோ பின்பக்கம் தெரியாது. ஒரு கிளைப் பாதையில் நாலு வேகன் சேர்க்க, நாலு வேகன் கழற்ற இது சரிப்படாது.

1948இல் இதற்கு ஒரு பாதித் தீர்வு வந்தது: பி.எல்.2. எஃப் வகையின் பாரம் தாங்கும் கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, பின்பக்கம் தெரிவதற்காக அதைச் சரித்து வெட்டினார்கள். செய்யவும் சிரமம், பராமரிக்கவும் சிரமம். 58 லோகோக்களோடு நின்றுபோனது.

ஜெனரல் மோட்டார்ஸ் லோகோ பிரிவின் தலைமைப் பொறியாளர் டிக் டில்வொர்த் அதற்குப் பிறகுதான் துணிந்தார். ஜி.பி.7இல் பாரம் முழுவதையும் அடிச்சட்டத்துக்கு மாற்றினார். மேலே இருக்கும் ஹூட் வெறும் மூடி. பக்கக் கதவுகளைத் திறந்தால் இன்ஜின் முழு நீளத்துக்கும் கைக்கெட்டும். வெளி நடைபாதையிலேயே நின்று இன்ஜெக்டரைக் கழற்றலாம். பார்க்க அழகாக இருந்தால் தலைமையகத்துப் பக்கமே வைத்துக்கொள்வார்கள், மூலை முடுக்குக்கு அனுப்ப மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. 1954 வரை 2,700க்கும் மேல் விற்றது. ஆனால் நியாயமாகச் சொன்னால், இந்த வடிவத்தை 1941லேயே ஆர்.எஸ்.1 லோகோவில் கொண்டுவந்தது ஆல்கோ என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனம். அந்தப் பெருமையை டில்வொர்த்துக்குக் கொடுப்பது தவறு. நம் இந்திய ரயில்வேயின் டபிள்யூ.டி.எம்.2 டீசல் லோகோ அந்த ஆல்கோ வழியில் வந்தது.

இனி தண்ணீர். நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. 567பியில் குளிரூட்டும் தண்ணீருக்கான இடம் கிராங்க் கேஸோடு (இன்ஜினின் உடற்கூட்டோடு) சேர்த்து வெல்டிங் செய்யப்பட்டது. பிஸ்டன் ஓடும் குழாயான லைனரை அதற்குள் இறக்கி, ரப்பர் வளையங்களால் அடைத்திருப்பார்கள். சூட்டில் ரப்பர் இறுகிப்போகும், கசியும். கசிந்த தண்ணீர் கீழே இறங்கி ஆயிலில் சேரும். டிப் ஸ்டிக்கில் ஆயில் கருப்பாக இல்லாமல் சாம்பல் வெளுப்பாக, மோர் கலந்ததுபோல் வந்தால் இன்ஜினை உடனே நிறுத்த வேண்டும். அந்த ஆயில் பேரிங்கில் படலமாக நிற்காது. பேரிங் போனால் கிராங்க் ஷாஃப்டும் போகும்.

தண்ணீர் சிலிண்டருக்குள்ளேயே இறங்கிவிடுவது அதைவிட ஆபத்து. ரொம்ப நேரம் நிறுத்தி வைத்த இன்ஜினை நேராக ஸ்டார்ட் செய்யக் கூடாது. முதலில் 16 சிலிண்டர்களின் டெஸ்ட் காக்குகளையும் (சோதனைக்கான சின்னத் திருகு குழாய்களையும்) திறந்துவிட வேண்டும். பிறகு கடப்பாரை போட்டு, கிராங்க் ஷாஃப்டை ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். டூ ஸ்ட்ரோக் என்பதால் ஒரே சுற்றில் எல்லா பிஸ்டனும் மேலே வந்துவிடும். எந்த காக்கிலாவது தண்ணீர் பீச்சினால் அந்த சிலிண்டரைச் சரிசெய்யும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாதே, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எதுவும் வரவில்லையென்றால் காக்குகளை மூடிவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். 64 வோல்ட் பேட்டரியில் ஜெனரேட்டரே மோட்டாராக மாறி இன்ஜினைச் சுற்றிவிடும்.

குளிர்காலத்தில் இந்த லோகோக்கள் ராத்திரி முழுக்க ஐடிலில் ஓடுவதற்கும் இந்தக் கசிவில் ஒரு காரணம் இருக்கிறது. உறைதடுப்புத் திரவம் ஆயிலில் கலந்தால் பேரிங்குக்கு இன்னும் கேடு. அதனால் துருத்தடுப்பு மருந்து போட்ட வெறும் தண்ணீரைத்தான் ஊற்றினார்கள். இன்ஜினை நிறுத்தினால் தண்ணீரை முழுதும் வடித்துவிட வேண்டும். மறந்தால் உறைந்து வெடிக்கும்.

அடுத்து வந்த 567சி இன்ஜினில் இதைத் தீர்த்தார்கள். ஒவ்வொரு லைனருக்கும் சொந்தமாக ஒரு தண்ணீர் உறை. மெயின் குழாயிலிருந்து அதற்குத் தனியாக ஒரு சின்ன இணைப்புக் குழாய். கிராங்க் கேஸுக்குத் தண்ணீரோடு நேரடித் தொடர்பே இல்லை. பழைய பி இன்ஜின்கள் பலவற்றை இந்த முறைக்கு மாற்றி 567பிசி என்று பெயரிட்டார்கள்.

567 என்பது ஒரு சிலிண்டரின் கொள்ளளவு, கன அங்குலத்தில். நம் ஊர் டபிள்யூ.டி.ஜி.4 சரக்கு லோகோவில் இருப்பது இதன் வழிவந்த 710 இன்ஜின். அதே டூ ஸ்ட்ரோக், அதே 45 டிகிரி வி. அதிலும் லைனருக்குத் தண்ணீர் அந்தச் சின்னத் தனிக்குழாய் வழியாகத்தான் போகிறது.